அறுவை அறைக்குப் பின்னால் ஓர் அறை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்து செல்வோரின் செவியில் முதலில் விழுவது தறியின் ஓசை. ஆனால் தறிக்கு வந்து சேர்வதற்கு முன் பட்டு நூல் கடந்து வரும் வழியை, அந்தச் சேலையை வாங்கி உடுத்துவோரில் பலர் அறிந்திருப்பதில்லை. கச்சாப் பட்டின் மேல் இயற்கையாகவே ஒரு பசை படிந்திருக்கும். புழு கூடு கட்டும்போது உமிழ்கின்ற பசை அது. சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் நூற்கழிகளை இட்டு அந்தப் பசையை நீக்குவதுதான் சாயப்பட்டறையின் முதல் வேலை. கழியின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அங்கேயே கரைந்து போகும். பணம் கொடுத்து வாங்கிய எடை கரைகிறதே என்று எந்தப் பட்டறைக்காரரும் இந்த வேலையைச் சுருக்கிக்கொள்வதில்லை. பசை நீங்காத நூலில் சாயம் சீராக ஏறாது. எத்தனை உயர்ந்த சாயமானாலும் திட்டுத் திட்டாகவே நிற்கும்.

ஒரு மருத்துவமனையின் மிக முக்கியமான அறையைப் பற்றி எழுத முற்படும்போது இந்தச் சாயப்பட்டறை நினைவுக்கு வந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பயன்பட்ட கத்தரிக்கோலிலும் இடுக்கியிலும் இரத்தமும் சதைத் துணுக்கும் ஒட்டிக் காய்ந்திருக்கும். அதைக் கழுவி நீக்காமல் இலட்சக்கணக்கான ரூபாய் பெறுமான நீராவி இயந்திரத்தில் வைத்து எடுத்தாலும் பயனில்லை. காய்ந்த இரத்தம் கிருமிக்கு ஒரு போர்வையாகி விடுகிறது. நீராவி அதைத் துளைத்து அடியிலுள்ள கிருமியை அடைவது உறுதியில்லை. கருவி சூடாக இருக்கும், பளபளப்பாகவும் தெரியும். ஆனால் அது கிருமியற்றது என்று சொல்ல முடியாது.

பட்டுக்கும் மருத்துவமனைக்கும் வேறோர் உறவும் உண்டு. பசை நீக்கிய பட்டிழைகளைப் பின்னி உருவாக்கும் தையல் நூல், உடலின் காயங்களைத் தைப்பதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. சேலையாகும் அதே பட்டு, நம் உடலுக்குள்ளும் செல்கிறது. அது எந்த நிலையில் உள்ளே செல்கிறது என்பதைத் தீர்மானிக்கும் இடமே நாம் பேசப்போகும் அறை.

ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு மருத்துவமனைகளில் இதனைச் சி.எஸ்.எஸ்.டி. என்பர். தமிழில் மையக் கிருமி நீக்க வழங்கல் துறை எனலாம். பெயர் நீளமானது, பணி எளிதில் விளங்கக்கூடியது. மருத்துவமனை முழுவதிலும் பயன்பட்ட கருவிகளையும் துணிகளையும் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, கழுவி, சோதித்து, பொதிந்து, கிருமி நீக்கி, மீண்டும் அனைத்துப் பிரிவுகளுக்கும் வழங்குவதே அந்தப் பணி. நோயாளி ஒருபோதும் இந்த அறையைப் பார்ப்பதில்லை. அறுவைச் சிகிச்சை நிபுணரின் பெயரை விசாரித்து அறிந்துகொள்ளும் உறவினர்கள், அவர் கையில் எடுக்கும் கத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

வாணியம்பாடியில் நடந்தது

கேட்காமலிருப்பதன் விலையை நம் மாநிலமே அண்மையில் கொடுத்திருக்கிறது. 2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரையிலான காலத்தில், மூளையையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும் மெலியோய்டோசிஸ் என்னும் அரிய நோய்க்கு 21 பேர் ஆளாயினர். அவர்களில் பெரும்பாலோர் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். மண்ணிலும் நீரிலும் வாழும் ஒருவகைக் கிருமியால் வரும் நோய் இது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினரும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த தேசிய நோய்ப்பரவல் இயல் நிறுவனத்தினரும், தமிழக அரசின் பொது சுகாதாரத் துறையினரும் இணைந்து இதனை ஆராய்ந்தனர். நோயுற்றோரில் 10 பேர் வாணியம்பாடியிலிருந்த ஒரே பல் மருத்துவ நிலையத்தில் சிகிச்சை பெற்றவர்கள் என்பது தெரிய வந்தது. அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்துவிட்டனர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நோய் எங்கிருந்து வந்தது? அந்த நிலையத்தில் பயன்பாட்டிலிருந்த உப்பு நீர்ப் புட்டியில் அந்தக் கிருமி இருந்தது. வாயைக் கழுவப் பயன்படும் சாதாரண சலைன் புட்டி அது. பல் சிகிச்சைக்குரிய கருவி ஒன்றினாலேயே அதன் மூடியைத் திறப்பதும், பிறகு பஞ்சால் தளர்வாக அடைத்து வைத்து அடுத்தவருக்கும் அதையே பயன்படுத்துவதும் வழக்கமாக இருந்ததாக ஆய்வாளர்கள் கண்டனர். 2025-ஆம் ஆண்டில் இந்த ஆய்வு உலகப் புகழ்பெற்ற லான்செட் குழுமத்தின் தென்கிழக்கு ஆசிய இதழில் வெளியாயிற்று.

சிந்தித்துப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. அங்கு நேர்ந்தது இயந்திரக் கோளாறு அன்று. எந்தப் பொருள் சுத்தமானது, எது அசுத்தமானது, எது எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்ற ஒழுங்கு சிதைந்ததுதான் அங்கு நேர்ந்தது. ஒரு சிறிய நிலையத்தில் இந்த ஒழுங்கு தவறினால் எட்டு உயிர்கள் போகின்றன. நாள்தோறும் ஐம்பது அறுவைகள் நடைபெறும் பெரிய மருத்துவமனையில் இதை ஒவ்வொரு வார்டிலும் ஒவ்வொருவரின் விருப்பத்துக்கு விட்டுவிட முடியுமா? முடியாது என்ற அனுபவத்திலிருந்து பிறந்ததே மையத் துறை என்னும் ஏற்பாடு.

கொதிக்க வைத்தால் போதாதா?

நடுவயதைக் கடந்த வாசகர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். டாக்டரின் அறையில் ஒரு ஸ்டவ், அதன்மேல் ஒரு தகரப் பெட்டி, பெட்டிக்குள் கொதிக்கும் நீரில் கண்ணாடி ஊசிக் குழல்களும் ஊசிகளும். கம்பவுண்டர் இடுக்கியால் ஒன்றை எடுத்து உதறுவார். பெரிய மருத்துவமனைகளிலும் அன்று ஏறக்குறைய இதே முறைதான். ஒவ்வொரு வார்டிலும் ஒரு கொதிகலம் இருந்தது, ஒவ்வொரு செவிலியருக்கும் ஒரு பழக்கம் இருந்தது.

நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. பெரும்பாலான கிருமிகள் அதில் மாண்டுவிடும் என்பது உண்மையே. ஆனால் சில கிருமிகள் தமக்கு இடர் வரும்போது ஸ்போர் என்னும் கெட்டியான வித்தாக மாறிக்கொள்கின்றன. டெட்டனஸ் நோயை உண்டாக்கும் கிருமி அவ்வகையைச் சேர்ந்தது. இந்த வித்துகளைக் கொதிநீரால் உறுதியாக அழிக்க இயலாது. இதற்காகவே அழுத்தம் கொடுத்து நீராவியின் வெப்பத்தை உயர்த்தினார்கள். 1679-இல் டெனிஸ் பாப்பின் அழுத்தக் கலம் ஒன்றை உருவாக்கினார். இரு நூற்றாண்டு கழித்து 1879-இல், லூயி பாஸ்டரின் துணைவராகப் பணியாற்றிய சார்லஸ் ஷாம்பர்லாந்து அதே தத்துவத்தில் ஆட்டோகிளேவ் இயந்திரத்தை அமைத்தார்.

நம் இல்லத்தரசிகளுக்கு இந்தத் தத்துவம் புதியதன்று. பிரஷர் குக்கரும் இதுவே. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் நீராவி 121 டிகிரியை எட்டுகிறது. குக்கரில் ஆவி நன்றாகச் சீறி வந்த பிறகே வெயிட் போட வேண்டும் என்று மாமியார் மருமகளுக்குச் சொல்லிக் கொடுப்பது ஏன்? உள்ளிருக்கும் காற்று முழுவதும் வெளியேறினால்தான் ஆவி எங்கும் பரவும். ஆட்டோகிளேவிலும் முதல் எதிரி காற்றுதான். துணி மூட்டையின் நடுவில் சிறிது காற்று சிக்கிக்கொண்டாலும் அந்த இடத்தில் நீராவி நுழையாது, வெப்பமும் ஏறாது. எனவேதான் நவீன இயந்திரங்கள் முதலில் காற்றை உறிஞ்சியெடுத்துவிட்டுப் பின்பு ஆவியைச் செலுத்துகின்றன. அவற்றில் 134 டிகிரியில் மூன்று நான்கு நிமிடங்கள் போதும். காற்று உறிஞ்சும் வசதி இல்லாத பழைய வகையில், பொதியப்பட்ட கருவிகளுக்கு 121 டிகிரியில் அரைமணி நேரம் தேவை.

மேலை நாடுகளில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மையத் துறை முறை பரவிற்று. இந்தியாவில் 1965-இல் புது தில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில் இது தொடங்கப்பட்டதாக மருத்துவமனை நிர்வாகப் பாட நூல்கள் குறிக்கின்றன.

ஒரு கத்தரிக்கோலின் வழி

இத்துறையை அமைப்பதற்கு ஒரே ஒரு விதியை மனத்தில் இருத்தினால் போதும். பொருள் ஒரே திசையில் மட்டுமே செல்ல வேண்டும். அசுத்தமானது ஒரு வாசலில் நுழைய வேண்டும், கிருமியற்றது மறு வாசலில் வெளியேற வேண்டும். இரண்டும் எந்த இடத்திலும் எதிரெதிரே சந்திக்கக் கூடாது. பணியாளர் கழுவும் பகுதியிலிருந்து பொதியும் பகுதிக்கு நேராக நடந்து வரக் கூடாது. உடை மாற்றி, கை கழுவி, வேறு வழியாகவே வர வேண்டும். காற்றும் அவ்வாறே தூய பகுதியிலிருந்து அசுத்தப் பகுதியை நோக்கி ஓட வேண்டுமேயன்றி எதிர்த் திசையில் ஓடலாகாது. இடத்தைப் பொறுத்தவரை ஒரு படுக்கைக்கு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் என்று கணக்கிடுவது வழக்கம். நூறு படுக்கை மருத்துவமனைக்கு ஆயிரம் சதுர அடிக்குச் சற்று அதிகம் தேவைப்படும்.

ஒரு கத்தரிக்கோலைப் பின்தொடர்ந்து செல்வோம். அறுவை முடிந்ததும் அதன்மேல் இரத்தம் காய்ந்து போகாதபடி ஈரத் துணியால் மூடி, மூடிய பெட்டியில் இட்டு அனுப்ப வேண்டும். தவறு பெரும்பாலும் இந்த முதல் அடியிலேயே தொடங்கி விடுகிறது. இரவு அறுவை முடிந்து கருவிகளைத் தொட்டியில் போட்டுவிட்டுக் காலையில் கழுவிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். காய்ந்த இரத்தத்தைத் தேய்த்து எடுப்பது எத்தனை கடினம் என்பது குர்பானி கொடுத்த அன்று கத்தியைக் கழுவ மறந்துவிட்ட எந்த வீட்டாருக்கும் தெரியும்.

கழுவும் பகுதியில் முதலில் குளிர்ந்த நீர். நேராக வெந்நீரில் இட்டால் இரத்தத்திலுள்ள புரதம், முட்டை வெண்கரு போல் உறைந்து உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். பின்பு புரதத்தைக் கரைக்கும் என்சைம் கரைசல். கத்தரிக்கோலின் இரு அலகுகளையும் விரித்து, திருகு இருக்கும் மூட்டில் தூரிகையால் தேய்க்க வேண்டும். அழுக்கு ஒளிந்துகொள்ளும் இடம் அந்த மூட்டு. நீருக்கு அடியில் வைத்தே தேய்க்க வேண்டும், குழாயைத் திறந்துவிட்டுத் தேய்த்தால் துளிகள் முகத்தில் தெறிக்கும். குழல் போன்ற கருவிகளின் உட்புறத்துக்கு அதற்கேற்ற நீண்ட தூரிகை வேண்டும். பிறகு தூய நீரில் அலசி, உலர்த்தி, விளக்குப் பொருத்திய உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்க்க வேண்டும். துளி அழுக்கோ துருவோ தெரிந்தால் மறுபடியும் தொடக்கத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

நீரைப் பற்றி ஒரு வார்த்தை. காஞ்சிப் பட்டின் ஒளிர்வுக்குப் பாலாற்று நீரே காரணம் என்று ஊரார் பெருமையோடு சொல்வதுண்டு. சாயக்காரர் நீரின் தன்மையைக் கைவிரல்களால் அறிவார். கிருமி நீக்கத் துறையிலும் அதே கவனம் வேண்டும். கடின நீரைப் பயன்படுத்தினால் கருவிகளின் மேல் வெண்படலம் படியும், இயந்திரத்தின் கொதிகலத்தில் சுண்ணாம்பு தட்டும். இயந்திரத்தை வாங்கிவிட்டு மென்னீர்க் கருவியை வாங்காதவர்கள் சில ஆண்டுகளிலேயே பழுது பார்ப்பவரைத் தேடி அலைய நேரும்.

இஸ்லாமியக் குடும்பங்களுக்கு இந்த முறைமை அந்நியமானதன்று. தஹாரத்தின் சட்டங்களை மதரஸாவில் பயின்ற குழந்தைக்கும், நஜீஸின் பொருளை முதலில் அகற்ற வேண்டும், அது இருக்கும்போதே மேலே நீரை ஊற்றுவதால் இடம் பாக் ஆகாது என்பது தெரியும். ஆயினும் ஒன்றைத் தெளிவுபடுத்துவது நலம். மார்க்கம் கூறும் தூய்மை வேறு, அறுவை அறை வேண்டும் கிருமியற்ற நிலை வேறு. ஒன்றிருந்தால் மற்றொன்று தானே வந்துவிடும் என்று எண்ணலாகாது. பாக்கான துணியில் ஆயிரம் கிருமிகள் இருக்கலாம். இரண்டுக்கும் பொதுவாக அமைந்திருப்பது வரிசை தவறாமை என்னும் பண்பு.

பொதியும் பகுதியில் கத்தரிக்கோல் தன் கூட்டத்தோடு சேர்கிறது. சிசேரியனுக்கு ஒரு செட், குடலிறக்கத்துக்கு ஒரு செட் என்று பட்டியல் இருக்கும். பட்டியலைப் பார்த்து எண்ணி அடுக்கி, இரட்டைத் துணியால் பொதிகிறார்கள். பழைய மருத்துவமனைகளில் பக்கவாட்டில் துளைகள் கொண்ட டிரம்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் துளைகளை மூட மறந்துவிட்டால் உள்ளேயிருப்பது கிருமியற்றதாக நீடிக்காது. ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் உள்ளிருக்கும் எஞ்சிய பஞ்சும் துணியும் கெடுகின்றன. ஒரு நோயாளிக்கு ஒரு பொதி என்ற முறையே சிறந்தது. பொதி பெரிதாகவும் இருக்கக் கூடாது. ஆவி நடுவரை சென்று மீள வேண்டும் அல்லவா?

இயந்திரத்திலிருந்து வெளிவந்த பொதி ஈரமாக இருந்தால் அதை ஏற்கக் கூடாது. ஈரத் துணியின் வழியே வெளிக்கிருமி உள்ளே இறங்கிவிடும். சூடு ஆறும் முன் கையால் தொடவும் கூடாது. அலமாரியில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல், சுவரை ஒட்டாமல், ஈரம் அணுகாத இடத்தில் அடுக்க வேண்டும். பொதி கிழிந்தாலோ நனைந்தாலோ கீழே விழுந்தாலோ அதன் காலம் அப்போதே முடிந்தது. அதன்மேல் எந்தத் தேதி எழுதியிருந்தாலும் பொருட்டில்லை.

வெப்பம் தாங்காத பிளாஸ்டிக், ரப்பர், கேமரா பொருத்திய குழல்கள் முதலியவற்றுக்கு எத்திலீன் ஆக்சைடு வாயுவும் ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாஸ்மாவும் உண்டு. வாயு முறையில் நஞ்சு முழுவதும் நீங்கப் பல மணி நேரம் காற்றாட விட வேண்டும். அவசரப்படுவோருக்கு அது ஏற்றதன்று.

நாடா கருத்தால் போதுமா?

பொதியின் மேல் ஒட்டியுள்ள நாடாவில் கறுப்புக் கோடுகள் தோன்றியிருந்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று பலர் நினைக்கின்றனர். சில மருத்துவர்களும் அவ்வாறே நினைப்பதுதான் வியப்பு. அந்தப் பொதி இயந்திரத்துக்குள் போய் வந்தது என்பதை மட்டுமே நாடா சொல்லும். உள்ளே வேண்டிய வெப்பமும் நேரமும் கிடைத்தனவா என்பதை அது அறியாது. அதற்குப் பொதியின் நடுவே ஒரு காகிதப் பட்டையை வைக்க வேண்டும். வெப்பம், காலம், ஆவி மூன்றும் பொருந்தினால்தான் அதன் நிறம் மாறும். அறுவை மேசையில் பொதியைப் பிரிக்கும் செவிலியர் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பட்டையைத்தான்.

இதற்கும் மேலான சோதனை ஒன்று உண்டு. வெப்பத்தை மிகவும் தாங்கக்கூடிய, ஆனால் நோய் விளைவிக்காத ஒருவகைக் கிருமியின் வித்துகளைச் சிறு குப்பியில் வைத்துக் கருவிகளோடு இயந்திரத்துக்குள் அனுப்புகிறார்கள். வெளியே எடுத்து வளர்த்துப் பார்க்கும்போது எதுவும் முளைக்கக் கூடாது. முளைத்துவிட்டால் அந்தச் சுற்றில் சென்ற பொதிகள் அனைத்தையும் வார்டுகளிலிருந்து திரும்பப் பெற வேண்டும். எவற்றைத் திரும்பப் பெறுவது? ஒவ்வொரு பொதியின் மேலும் இயந்திர எண், சுற்று எண், தேதி, பொதிந்தவரின் அடையாளம் ஆகியவை எழுதப்பட்டிருந்தால்தான் இது இயலும். எனவே இத்துறையில் பதிவேடு என்பது வெறும் அலுவலகச் சடங்கன்று. காற்று உறிஞ்சும் இயந்திரத்துக்கு நாள்தோறும் காலையில் முதல் சுற்றாகக் காற்று நீக்கச் சோதனையும் செய்ய வேண்டும். 1963-இல் இதை வகுத்த போவி, டிக் என்னும் இருவரின் பெயராலேயே அச்சோதனை வழங்குகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட பாதுகாப்பான அறுவைக்கான சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் செவிலியர் குழு உறுதி செய்ய வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று. கிருமி நீக்கம் உறுதியாயிற்றா, பட்டை என்ன காட்டியது என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

செட்டுகள் குறைந்தால் நியமம் குலையும்

முறைகள் எல்லாம் தெரிந்திருந்தும் மருத்துவமனைகள் ஏன் தவறுகின்றன? சோம்பல் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நமக்குத் தோன்றும் முதன்மைக் காரணம் கருவிகளின் பற்றாக்குறையே. காலையில் ஆறு அறுவைகள், கையில் இரண்டு செட் என்றால் என்ன நடக்கும்? கழுவி, உலர்த்தி, சோதித்து, பொதிந்து, கிருமி நீக்கி, ஆற வைத்து எடுக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம் பிடிக்கும். மருத்துவர் கையுறை அணிந்து காத்து நிற்கிறார். அவசரமாக ஒரு கழுவல், பொதியாமலே ஒரு சூடு, அல்லது மருந்து நீரில் ஒரு முக்கல். இரண்டு சதவீத குளூட்டரால்டிஹைடு கரைசலில் ஸ்போர்களும் அழியப் பத்து மணி நேரம் ஊற வேண்டும். இருபது நிமிடம் முக்கி எடுப்பது கிருமி நீக்கம் ஆகாது. ஆனால் பட்டியல் நீளும்போது அந்த இருபது நிமிடமும் பத்தாகிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான உதாரணம் மதுரையில் இருக்கிறது. டாக்டர் கோ. வேங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, உலகிலேயே மிகுதியாகக் கண்புரை அறுவை செய்யும் நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. அங்கே ஒரு மருத்துவர் ஒரு மேசையில் அறுவை செய்துகொண்டிருக்கும்போது அடுத்த மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். இத்தனை விரைவு எப்படி இயலுகிறது? ஒரு செட் மேசையில் இருக்க, ஒன்று கழுவப்பட, ஒன்று இயந்திரத்தில் இருக்க, மற்றொன்று காத்திருக்குமாறு ஒவ்வொரு மருத்துவருக்கும் பல செட்டுகள் சுழல்கின்றன. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து பயிற்சியளித்து இப்பணிகளில் அமர்த்தியிருக்கிறார்கள். விரைவுக்கும் தூய்மைக்கும் பகை இல்லை என்பதை அந்தச் சுழற்சி மெய்ப்பித்தது.

பணியாளர் என்று சொன்னோம். இந்த அறையில் வேலை செய்வோரைப் பற்றி எழுதாமல் இக்கட்டுரை நிறைவு பெறாது. வேறெங்கும் பயன்படாதவர், உடல் நலிந்தவர், தண்டனையாக மாற்றப்பட்டவர் ஆகியோரை அனுப்பும் இடமாகவே இதனைக் கருதும் நிர்வாகங்கள் உண்டு. இது பெரும் பிழை. பிறரின் இரத்தம் படிந்த கூர்மையான கருவிகளை நாள் முழுவதும் கையாளுபவர்கள் இவர்கள். தடித்த கையுறையும், கண் காப்பும், நீர் புகாத மேலாடையும் இவர்களுக்கு உரிமை. மூன்று தவணை மஞ்சள் காமாலை பி தடுப்பூசியும் அவ்வாறே. பயிற்சி பெற்ற ஒருவர் பொறுப்பாளராக இருக்க வேண்டும். அவர் அறுவை அறைக்குக் கீழ்ப்பட்டவராக இருத்தலும் ஆகாது. “இந்தப் பொதி சரியில்லை, தர மாட்டேன்” என்று மூத்த மருத்துவரிடமும் சொல்லும் அதிகாரம் அவருக்கு வேண்டும்.

நம் கொடையாளர்களுக்கு

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பெண்ணும், அருகே ஒலிமுகமதுபேட்டையைச் சேர்ந்த நம் சகோதரியும் பிரசவத்துக்கு அதே அரசுத் தலைமை மருத்துவமனைக்கும் அதே ஊர்த் தனியார் மருத்துவமனைகளுக்கும்தான் செல்கின்றனர். ஊர் எல்லையில் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. மருந்தின் வேகத்தால் நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றிய நோயாளிகளை ஒரு சிறு கிருமியும் வீழ்த்திவிடும். கிருமி எவருடைய குலத்தையும் மார்க்கத்தையும் கேட்பதில்லை.

தமிழகமெங்கும் நம் சமுதாயத்தார் நடத்தும் மருத்துவமனைகளும் அறக்கட்டளைகளும் பல உள்ளன. வெளிநாட்டில் உழைக்கும் நம் மக்கள் அள்ளிக் கொடுக்கின்றனர். ஆம்புலன்ஸ், ஸ்கேன் இயந்திரம், சலவைக்கல் பதித்த முகப்பு இவற்றுக்குப் பணம் சேர்கிறது. இவற்றில் கொடையாளரின் பெயரும் பொறிக்கப்படுகிறது. ஆனால் கருவி கழுவும் தொட்டிக்குப் பெயர்ப் பலகை வைப்பதற்கு யார் முன்வருவார்? முன்னோர் இவ்வாறு இருக்கவில்லை. 1154-இல் திமிஷ்கில் நூருத்தீன் அமைத்த மருத்துவமனையும், 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் அமைத்ததும் வக்ஃபின் வருவாயால் நடந்தவை. கட்டியதோடு நில்லாமல், நாள்தோறும் நடத்துவதற்கும் சேர்த்தே வக்ஃப் செய்தனர். குர்துபாவின் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, ஏறத்தாழ கி.பி. 1000-இல் முடித்த அத்தஸ்ரீஃப் என்னும் பெருநூலில் சுமார் இருநூறு அறுவைக் கருவிகளைப் படம் வரைந்து விளக்கினார். கருவியைக் குறித்து எழுதுவதைச் சிறுமையாக அந்த மேதை எண்ணவில்லை.

ஒரு சிறு மருத்துவமனையால் முழுத் துறையை அமைக்க முடியாமற் போகலாம். ஓர் ஊரின் நான்கு மருத்துவமனைகள் சேர்ந்து ஒரு மையத்தை நடத்தலாம். போகும் பெட்டியும் வரும் பெட்டியும் வேறு வேறாக, மூடியபடி இருந்தால் போதும். அதுவும் இயலாத இடத்தில் இரண்டு அறைகளும் நடுவே ஒரு சாளரமுமாவது இருக்கட்டும். உங்கள் ஜமாஅத் அறக்கட்டளையின் கூட்டத்தில் அடுத்த முறை நன்கொடைப் பேச்சு வரும்போது கேளுங்கள். நம் மருத்துவமனையில் சிசேரியன் செட் எத்தனை? வித்துச் சோதனை கடைசியாக எப்போது நடந்தது, அந்தப் பதிவேடு எங்கே? இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்காமல் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால், பணம் எங்கே செல்ல வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இறுதியாக, நம் வீடுகளுக்கு மிக நெருக்கமான ஒன்று. விடுமுறை நாட்களில் பல ஊர்களில் ஜமாஅத்துகள் இலவச சுன்னத் முகாம்களை நடத்துகின்றன. ஏழைப் பிள்ளைகளுக்குப் பேருதவி அது. முப்பது சிறுவர்கள் காலையில் வரிசையில் அமர்கிறார்கள், லுஹருக்கு முன் முடித்துவிட வேண்டும் என்கிறார்கள். பிளேடு ஆளுக்கொன்று புதிதாக வந்துவிடுகிறது. இடுக்கியும் கத்தரிக்கோலும்? ஐந்து செட்டை ஸ்பிரிட்டில் முக்கி முக்கி முப்பது பிள்ளைகளுக்கும் பயன்படுத்தினால், வரிசையின் முதற்பிள்ளையின் இரத்தம் கடைசிப் பிள்ளை வரை செல்ல வாய்ப்பு உண்டு. ஸ்பிரிட் ஸ்போர்களை அழிப்பதில்லை, இரத்தத்தைக் கழுவுவதுமில்லை. முப்பது பிள்ளைகள் என்றால் முப்பது பொதிகள். அருகிலுள்ள பெரிய மருத்துவமனையில் முன்தினமே கிருமி நீக்கி வாங்கி வைத்துக்கொள்ளலாம். அது கிடைக்காவிட்டால் எத்தனை பொதிகள் உண்டோ அத்தனை பிள்ளைகளுக்கு மட்டும் அன்று செய்துவிட்டு, எஞ்சியோருக்கு அடுத்த வாரம் நாள் குறிக்கலாம். பிள்ளையைத் தூக்கிச் செல்லும் தந்தை, பொதியைத் தம் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லி, உள்ளிருக்கும் காகிதப் பட்டையின் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே மகனைப் படுக்க வைக்கட்டும்.